இரண்டு நாள் ஆய்வுப் பயிலரங்கு: முதல் நாளுக்காகவே போகலாம்

வணிகவியலில் பிஎச்டி செய்கிறேன். மதுரை மாட்டுத்தாவணி சந்தையில் காய்கறி வியாபாரிகள் க்யூஆர் அட்டையை ஏன் வைக்கிறார்கள், வைத்த பிறகும் சிலர் ஏன் ரொக்கமே கேட்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. கோட்பாட்டுச் சட்டகமும் (எது எதை ஏன் பாதிக்கிறது என்ற வரைபடம்) கருதுகோளும் (களத்தில் சோதிக்கக்கூடிய ஊகம்) அமைப்பது பற்றி ஒரு தனியார் கல்லூரி நடத்திய பயிலரங்குக்குப் போய் வந்தேன். கட்டணம் 1,200 ரூபாய், மதியச் சாப்பாடும் சான்றிதழும் சேர்த்து.

முதல் நாள் வகுப்பெடுத்த பேராசிரியர் ஸ்லைடு எதுவும் போடவில்லை. பலகையில் காரணத்துக்கு ஒன்று, விளைவுக்கு ஒன்று என இரண்டு கட்டம் வரைந்தார், நடுவே ஒரு அம்பு. அம்பின் மேல் ‘ஏன்?’ என்று எழுதினார். அதற்குப் பதில் சொல்ல முடியாத அம்பை அழித்துவிடச் சொன்னார். அப்புறம் அவரவர் கருதுகோளை வாசிக்க வேண்டும். என் பக்கத்தில் இருந்த பெண் வாசித்தது நம் ஊர் ஆய்வேடுகளில் பக்கம் பக்கமாக வருகிற வரி: ‘வயதுக்கும் யுபிஐ பயன்பாட்டுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை.’

“வயசு அங்க என்னம்மா செய்யுது? அறுபது வயசுக்காரருக்கு எழுத்து தெரியலையா, போன் பழக்கம் இல்லையா, இல்ல மகன் கடையப் பாத்துக்கிறதால தேவையே இல்லையா? இதுல உங்க காரணம் எது?”

அந்தப் பெண் யோசித்து, போன் பழக்கம் என்றார். “அப்போ அதை அளங்க. வயசை ஏன் அளக்குறீங்க?” கை ஸ்கொயர் (chi-square) என்ற புள்ளியியல் சோதனையைப் போட்டு அட்டவணை நிரப்புவதே ஆய்வு என்று பழகிவிட்ட எங்களுக்கு இதை யாரும் இப்படிச் சொன்னதில்லை.

கோட்பாட்டைத் தேர்ந்தெடுப்பது பற்றிய பகுதியும் அருமை. ஃப்ரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் 1989இல் தந்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரியைத்தான் எங்களில் பலர் வைத்திருந்தோம். பயன் உண்டு, கையாள எளிது என்று நினைப்பவர் ஏற்றுக்கொள்வார் என்கிறது அது. கனடாவில் ஐபிஎம் ஊழியர்களையும் பாஸ்டனில் எம்பிஏ மாணவர்களையும் வைத்துச் சோதிக்கப்பட்டது. காய்கறிக் கடைக்காரர் அட்டை வைப்பதோ வாங்க வருபவர் கையில் சில்லறை இல்லை என்பதால். 2003இல் வெங்கடேஷும் மற்றவர்களும் எட்டு மாதிரிகளை இணைத்து உருவாக்கிய சட்டகத்தில் சமூகத் தாக்கம், அதாவது சுற்றியுள்ளவர்களின் எதிர்பார்ப்பு, என்ற மாறி இருக்கிறது. கட்டாயம் உள்ள இடத்தில் அது கூடுதலாக வேலை செய்யும் என்றும் சொல்கிறது. வாங்க வருபவரே ஒருவகையில் கட்டாயப்படுத்தும் என் சந்தைக்கு இது பொருந்துகிறது. ‘மறுநாள் விடியற்காலைக் கொள்முதலுக்கு ரொக்கம் தேவைப்படும் வியாபாரிகள், அட்டை இருந்தாலும் மற்றவர்களைவிட அதிகமாக ரொக்கம் கேட்பார்கள்’ என்ற என் கருதுகோள் அன்று மாலைதான் உருவானது. களத்தில் போய்ப் பார்த்தால் இது பொய்யாகவும் வாய்ப்பு உண்டு. அதனாலேயே எனக்குப் பிடித்திருக்கிறது.

இரண்டாம் நாள் ஏமாற்றம். இடையீட்டு மாறிக்கும் (காரணம் எதன் வழியாக விளைவைத் தருகிறதோ அது) நெறிப்படுத்தும் மாறிக்கும் (அந்தத் தொடர்பைக் கூட்டுவது அல்லது குறைப்பது) உள்ள வேறுபாட்டை அரை மணி நேரத்தில் ஓட்டிவிட்டார்கள். பேரன் (Baron), கென்னி (Kenny) என்ற ஆய்வாளர்கள் இந்த வேறுபாடு பற்றி 1986இல் எழுதிய கட்டுரையை முன்கூட்டியே அனுப்பியிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். மீதி நேரம் முழுக்கக் கணினி அறையில் மென்பொருள். ஒரு கணினிக்கு மூன்று பேர். வேறொருவர் வந்து, காரணம் எதுவும் கேட்காமல், எல்லாக் கட்டங்களுக்கும் அம்பு இழுத்துக் காட்டினார். முதல் நாள் கற்றதற்கு நேர் எதிரான பழக்கம் இது. கருத்துப் படிவத்திலும் எழுதிக் கொடுத்தேன்.

தலைப்பு முடிவாகி, ஓரளவு வாசித்து முடித்தவர்கள் தாராளமாகப் போகலாம். உங்கள் கருதுகோள்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். வெறுங்கையோடு வந்தவர்களுக்கு வாசிக்க எதுவும் இல்லாததால், அந்த நல்ல பகுதியில் வேடிக்கை பார்க்கத்தான் முடிந்தது.