நாலு நூல் மெஷினோடு நாலு வருசம்

துணி ஓரம் பிரியாமல் நூல் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மெஷின் வாங்கிய முதல் மூன்று மாதத்தில் இரண்டு தடவை மெக்கானிக்குக் காசு அழுதேன். இரண்டு தடவையும் மெஷினில் கோளாறே இல்லை. அவர் டயலை எல்லாம் திருகிப் பார்த்து, எண்ணெய் விட்டு, ஒரு துண்டுத் துணியில் அழகாக ஓட்டிக் காட்டுவார். வீட்டுக்குக் கொண்டுவந்தால் அன்றைக்குச் சாயங்காலமே நூல் அறும்.

என்னுடையது வீட்டு உபயோகத்துக்கான நாலு நூல் மெஷின். இரண்டு ஊசி, ஊசி நூலோடு தங்கள் நூலைப் பின்னும் கொக்கிகளான மேல் லூப்பர், கீழ் லூப்பர், துணி ஓரத்தை வெட்டிக்கொண்டே போகும் கத்தி. திருப்பூர் பனியன் துணி கட் பீஸ் வாங்கி, பிள்ளைகளுக்கு டிரவுசர், டி-ஷர்ட், எனக்கு நைட்டி என்று தைக்கிறேன். அக்கம்பக்கத்துச் சுடிதார்களும் வரும்.

அறுவது எப்போதும் கீழ் லூப்பர் நூல்தான். அறுந்ததும் அதை மட்டும் திரும்பக் கோத்து ஓட்டுவேன். நாலு விரற்கடை போனதும் மறுபடி பட்டென்று போகும். ஒரு நாள் கீழ் வீட்டு அக்கா மேலே வந்தார். தையல் கம்பெனியில் பவர் டேபிளில் இருபது வருசம் ஓவர்லாக் ஓட்டியவர். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, ஊசி நூலக் கழட்டாமயா லூப்பரக் கோத்த?” என்றார்.

“ஆமாங்க்கா.”

“அப்புறம் அறுகாம என்ன பண்ணும்?”

விஷயம் இவ்வளவுதான். ஊசி நூல் ஏற்கெனவே கீழ் லூப்பரைச் சுற்றிக் கிடக்கும். அந்த நிலையில் லூப்பருக்குப் புது நூல் கோத்தால் இரண்டும் ஒன்றையொன்று பின்னி இழுக்கும். அதனால் முதலில் இரண்டு ஊசி நூலையும் உருவிவிட வேண்டும். பிறகு மேல் லூப்பர், கீழ் லூப்பர், கடைசியாக ஊசிகள். இந்த வரிசை என் மெஷினோடு வந்த புத்தகத்திலேயே படம் போட்டு இருக்கிறது. நான்தான் திறந்து பார்க்கவில்லை. கோக்கும்போது துணியை அழுத்தும் ஃபுட்டைத் தூக்கி வைத்திருக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. தூக்கினால்தான் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் விலகும், நூல் நடுவில் போய் உட்காரும். இல்லாவிட்டால் நூல் தட்டுக்கு வெளியே சும்மா தொங்கும், நாம் டயலை 3-லிருந்து 7 வரை திருகிக்கொண்டே இருப்போம்.

டென்ஷன் பிடிபட அக்கா சொன்ன வழி, நாலு நிறத்தில் நூல் போடுவது. ஊசிகளுக்கு நீலமும் பச்சையும், மேல் லூப்பருக்கு மஞ்சள், கீழ் லூப்பருக்குச் சிவப்பு. மஞ்சள் துணியின் மேல் பக்கமும் சிவப்பு அடிப்பக்கமும் படிந்து, இரண்டும் சரியாக ஓரத்தில் கை கோக்க வேண்டும். சிவப்பு மேலே எட்டிப் பார்த்தால் மேல் லூப்பர் இறுக்கம், அல்லது கீழ் லூப்பர் தளர்வு. அடிப்பக்கத்தில் நீலமோ பச்சையோ வளையம் வளையமாகத் தொங்கினால் அந்த ஊசியின் நூல் தளர்வு. ஒரு தடவைக்கு ஒரு டயல், அதுவும் அரை எண்தான் திருப்புவேன். இரண்டைச் சேர்த்துத் திருப்பினால் எது சரி செய்தது என்றே தெரியாது.

தையல் விட்டு விட்டு விழுந்தால் நான் டயல் பக்கமே போவதில்லை. ஊசியை மாற்றிவிடுவேன். பனியன் துணிக்கு முனை மழுங்கிய பால் பாயின்ட் ஊசி, 11 அல்லது 14 நம்பர். முதன்முதலாக மாற்றியபோது இடது ஊசி வலதை விடக் கொஞ்சம் உயரமாக நின்றது. சரியாக ஏறவில்லை என்று நினைத்து அதைக் கீழே இழுத்து மட்டமாக்கித் திருகினேன். டக்கென்று லூப்பரில் இடித்து ஊசி உடைந்தது. அந்த உயர வித்தியாசம் இருக்கத்தான் வேண்டுமாம்! இரண்டையும் முட்டும் வரை மேலே தள்ளித் திருகினால் போதும். புது ஊசி போட்டதும் இரண்டு சுற்று சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பெடலில் கால் வைக்கிறேன்.

டி-ஷர்ட் கழுத்து அலை அலையாக விரிவதற்கு மருந்து டிஃபரன்ஷியல் ஃபீட். அடியில் துணியை நகர்த்தும் முன் பல், பின் பல் என்று இரண்டு வரிசை இருக்கிறது. 1-ல் வைத்தால் இரண்டும் சமமாக நகரும். 1.5-க்கு மேல் வைத்தால் முன் பல் துணியைக் கூடுதலாகத் தள்ளிக் கொடுக்கும், இழுவைத் துணி விரியாது. ஜார்ஜெட் சுருங்கினால் 1-க்குக் கீழே.

கத்தியை நானே கெடுத்தேன். எடுக்க மறந்த ஒரே ஒரு குண்டூசி! மேல் கத்தி தப்பித்தது, கீழ்க் கத்தியில் பல்லு விழுந்து துணியைக் கடித்துக் குதறியது. மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது குண்டூசி இந்த மேஜைக்கே வருவதில்லை. மகளின் டிக்டாக் கிளிப்புகள்தான் துணியைப் பிடிக்கின்றன. அவள் தினமும் காலையில் தேடுகிறாள்.

பிசிறுதான் இந்த மெஷினின் பெரிய எதிரி. ஒரு நைட்டி முடித்துவிட்டு மெஷினின் முன் கதவைத் திறந்தால் லூப்பரைச் சுற்றி ஒரு பிடி பஞ்சு. ஒரு தடவை பல் வரிசைக்கு நடுவில் கம்பளி மாதிரி கெட்டித்துப்போய்க் கிடந்ததை இடுக்கியால் உரித்து எடுத்தேன். ஒயரைப் பிடுங்கிவிட்டு, சின்ன பெயின்ட் பிரஷ்ஷால் வெளியே தள்ளுவேன். வாயால் ஊதினால் பிசிறு இன்னும் உள்ளேதான் போகும், ஈரமும் சேரும். அப்புறம் புத்தகம் காட்டும் இடங்களில் ஒரு சொட்டு மெஷின் ஆயில், வேண்டாத துணியில் ஒரு ஓட்டம். தேங்காயெண்ணெய் மட்டும் வேண்டாம். அம்மாவின் கால் மெஷினுக்கு அதை விட்டு, மார்கழிக் குளிரில் உறைந்து சக்கரமே சுற்றாமல் நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

மாதம் இரண்டு ஜாக்கெட் மட்டும் தைப்பவர் இதை வாங்க வேண்டியதில்லை. தெருமுனை டெய்லரிடம் கொடுத்தால் ஓவர்லாக் அடித்துக் கொடுப்பார். ஜிப்பும் காஜாவும் இதில் முடியாது, சாதா மெஷின் எப்படியும் வேண்டும். பனியன் துணி தைப்பவருக்கு என்றால் யோசிக்காமல் வாங்கச் சொல்வேன்.

நூல் மாற்ற மட்டும் இன்னும் சோம்பல். பழைய நூலோடு புதியதை முடிச்சுப் போட்டு இழுத்தால் லூப்பரில் சுலபமாக வந்துவிடும். ஊசிக் காதில் முடிச்சு நுழையாது, அங்கே வெட்டிக் கோக்கவேண்டும். அதனால் அந்த மஞ்சளும் சிவப்பும் பாதி நாள் அப்படியே கிடக்கின்றன. பையனின் கறுப்பு டிரவுசருக்கு உள்ளே மஞ்சள் ஓரம். கேட்டால் டிசைன் என்று சொல்லியிருக்கிறேன்.