கொல்லையை அளந்து படம் போட்டுத் தரும் சர்வே சேவை: பாலக்கோடு பக்கத்து அனுபவம்

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் கொல்லை (எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலத்தை அப்படித்தான் சொல்வோம்) அளக்க ஆள் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். செயற்கைக்கோளை வைத்துத் துல்லியமாக இடம் காட்டும் டி.ஜி.பி.எஸ். கருவியோடு வரும் தனியார் சர்வேயர் ஒருவரைத் தை மாதம் கூப்பிட்டோம். என் வீட்டுக்காரர் பங்கு, மூத்தார் பங்கு இரண்டும் சேர்த்து நாலரை ஏக்கர், பட்டாவில் 1.82.0 ஹெக்டேர். ஒன்பதாயிரம் ரூபாய் வாங்கினார். கொடுத்த காசுக்கு மேலேயே வேலை நடந்தது.

மாமனார் காலத்திலிருந்து கூட்டுப்பட்டா. ராகியைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனாலும், கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டாலும் சிட்டா, அடங்கல் வேண்டும். யாருக்கு எவ்வளவு என்று பிரியாததால் ஒவ்வொரு தடவையும் கையெழுத்துக்கு அலைச்சல். 2024-25இல் ராகிக்கு ஆதார விலை குவிண்டாலுக்கு 4,290 ரூபாய். காகிதம் சரியில்லாமல் அதை விட்டுவிட்டு வியாபாரியிடம் வந்த விலைக்குப் போடுவது வயிற்றெரிச்சல்.

அளவர் வந்ததும் நேராகக் கருவியை விரிக்கவில்லை. இணையத்தில் எடுத்த அரசுப் புலப்படத்தை (நிலத்தின் எல்லையும் அளவும் போட்ட படம்) கையில் வைத்துக்கொண்டு, பக்கத்துச் சர்வே எண்கள் கூடும் மூலையில் பழைய கல்லைத் தேடினார். உண்ணிச்செடிக்குள் புதைந்து கிடந்தது. என் மாமியார்தான் இடத்தைக் காட்டினார். அந்தக் கல்லிலிருந்து ஜி-லைன் (புலப்படத்தில் அளவுக்கு அடிப்படையாகப் போட்டிருக்கும் கோடு) பிடித்து மற்ற மூலைகளைச் சரிபார்த்த பிறகுதான் இரண்டு பங்கையும் பிரிக்கும் நடுக்கோடு. ஏ-4 தாளில் அச்சடித்த புலப்படத்தில் ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது, அச்சில் அளவு மாறிவிடும், எழுதியிருக்கும் மீட்டரைத்தான் நம்ப வேண்டும் என்றார்.

மூத்தார் மகன் போனில் இருக்கும் ஆப்பை வைத்தே வரப்புப் போடலாம் என்றான். “திறந்த வெளியிலயே அஞ்சு மீட்டர் அப்படி இப்படி காட்டும் தம்பி” என்றார் அளவர். நூறு மீட்டர் நீள வரப்பு அஞ்சு மீட்டர் தள்ளினால் 500 சதுர மீட்டர், அதாவது பன்னிரண்டு சென்ட். மழை பெய்தால் ஒரு மூட்டை ராகி விளையும் இடம் அது. எங்கள் வீட்டில் மூன்று மாதக் களி. சண்டை வேண்டாமென்று இரண்டு வீடும் ஏர் ஓட்டாமல் விட்ட நடுத்துண்டும் ஏறக்குறைய அவ்வளவுதான். பார்த்தீனியம் மண்டிக் கிடந்த அந்த இடத்தில் ஆடியில் ராகி விதைத்து, நடுவே அவரைச் சால் விட்டிருக்கிறோம்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப்பட்டது மேடு பள்ளம் காட்டும் படம். கம்பத்தை ஊன்றி ஊன்றிக் கொல்லை முழுக்க நடந்து, ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைத்து, அரை மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடாகப் போட்டுக் கொடுத்தார். ஜேசிபி வர வசதி என்று ரோட்டோரம் பண்ணைக்குட்டை வெட்டுவதாகப் பேச்சு. படத்தில் தண்ணீர் வடிவது எதிர் மூலையில், புளியமரத்துப் பக்கம். ரோட்டோரம் வெட்டியிருந்தால் வெறும் குழிதான் மிஞ்சியிருக்கும். அந்தக் கோடுகளை ஒட்டிச் சரிவுக்குக் குறுக்கே உழுதால் மேல்மண் அதிகம் ஓடாது என்பதையும் அந்தப் படத்தை வைத்தே டிராக்டர்காரருக்குக் காட்டினேன்.

குறையும் உண்டு. படத்தில் எல்லாம் ஆங்கிலம். கேட்ட பிறகுதான் கிணறு, வரப்பு, புளியமரம் என்று தமிழில் மாற்றிக் கொடுத்தார். பெயின்ட் அடித்த முளைக்குச்சி மட்டும்தான் அடிப்பார், கல் நாம் வாங்கி வைக்க வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். தனியார் அளவை வைத்துப் பட்டா மாறாது. பங்காளிகள் ஒத்துப்போவதற்கு அது போதும், உட்பிரிவுக்கு இ-சேவையில் மனுப்போட்டு அரசு சர்வேயர் வந்து அளந்தாக வேண்டும். அவருக்கு இந்தப் படத்தைக் காட்டினோம், பழைய கல் இருக்கும் இடம் உடனே கிடைத்தது. ஏற்கெனவே நட்டிருக்கும் அரசுக் கல்லை யாரும் நகர்த்தாதீர்கள், 1923ஆம் வருடச் சர்வே, எல்லைகள் சட்டப்படியே அது குற்றம்.

கூப்பிடுவதானால் அறுவடை முடிந்து கொல்லை காலியாக இருக்கும் தை, மாசியில் கூப்பிடுங்கள். பக்கத்துக் கொல்லைக்காரரையும் அன்றைக்கு வரச் சொல்லி, அவர் கண்முன்னே முளை அடிக்கச் சொல்லுங்கள்.