லூபஸ், முடக்குவாதம் இருக்கிறவர்களுக்கு போட்டாக்ஸா, ஃபில்லரா?

இரண்டையும் "முகத்துக்கு ஊசி" என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். ஆட்டோ இம்யூன் நோய், அதாவது எதிர்ப்பு சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய், உள்ளவர்களுக்கு இரண்டும் வேறு வேறு கதை. நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: ஏதாவது ஆனால், போட்டதைத் திரும்ப எடுக்க முடியுமா?

போட்டாக்ஸை எடுக்க முடியாது. ஆனால் 3, 4 மாதத்தில் அதுவாகவே விட்டுவிடும். தசையைச் சுருங்கச் சொல்லி நரம்பிலிருந்து போகும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை அது தடுக்கிறது, அவ்வளவுதான். லூபஸ், முடக்குவாதம், தைராய்டு பிரச்சினை உள்ளவர்களுக்கு நோய் அடங்கியிருந்தால் பொதுவாகப் பெரிய தலைவலி இல்லை. தசைகள் பலவீனமாகும் மயஸ்தீனியா கிரேவிஸ் முக்கியமான விதிவிலக்கு. அதில் உடலே அசிட்டைல்கோலின் போய் ஒட்டும் இடத்தைத் தாக்கிக்கொண்டிருக்கிறது. போட்டாக்ஸும் நரம்பும் தசையும் சேரும் அதே இடத்தில்தான் கை வைக்கிறது. மருந்தோடு வரும் தாளிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. காலையில் நன்றாக இருக்கும் இமை சாயங்காலம் தொங்கிப்போகிறதா? அழகுக்கு ஊசி போடும் முன் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

ஃபில்லர் அப்படியல்ல. அது சுருக்கத்தையும் குழியையும் நிரப்பப் போடுவது, மாதக்கணக்கில் தோலுக்கடியில் உட்கார்ந்திருக்கும் அந்நியப் பொருள். போட்டு பல மாதம் கழித்து, ஒரு காய்ச்சலோ பல் சீழோ வந்த சமயத்தில், அந்த இடம் திடீரென்று வீங்கலாம். 2020இல் மாடர்னா கோவிட் தடுப்பூசி ஆய்வில், முன்பு ஃபில்லர் போட்டிருந்த மூன்று பேருக்கு முகமோ உதடோ வீங்கியது. எதிர்ப்பு சக்தி ஏற்கெனவே தாறுமாறாக இருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஆனால் ஹயலூரானிக் அமில ஃபில்லருக்கு ஒரு பெரிய வசதி உண்டு: ஹயலூரானிடேஸ் ஊசியால் அதைக் கரைத்துவிடலாம்.

பாலிலாக்டிக் அமிலம், கால்சியம் ஹைட்ராக்சிஅபட்டைட் ஃபில்லர் வகைகளை இப்படிக் கரைக்க வழியில்லை. பாலிலாக்டிக் அமிலம் லேசான அழற்சியைக் கிளப்பித்தான் கொலாஜனை வளர்க்கிறது. அழற்சியை அடக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அதைக் காசு கொடுத்து வாங்குவானேன்? சிலிக்கான் மாதிரி நிரந்தரமானவை பக்கமே போக வேண்டாம்.

பி.ஆர்.பி. என்பது நம் ரத்தத்திலிருந்தே தட்டணுக்கள் நிறைந்த பகுதியைப் பிரித்து ஊசியாகப் போடுவது. "நம்ம ரத்தம்தானே" என்பார்கள். பாதி சரி. தட்டணுக்கள் குறைவாக இருப்பவருக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவருக்கும் அது வேண்டாம்.

ஃபில்லர் ஆய்வுகளில் பெரும்பாலும் ஆட்டோ இம்யூன் நோயாளிகளைச் சேர்ப்பதே இல்லை. அதனால் "நூறு சதவீதம் பாதுகாப்பு" என்று போர்டு வைத்திருந்தால் நம்பாதீர்கள்.

என்னைக் கேட்டால், நோய் அடங்கியிருக்கும்போது முதலில் போட்டாக்ஸ், அப்புறம் கரைக்கக்கூடிய ஃபில்லர் கொஞ்சமாக. நோயை அடக்கச் சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட் மருந்தை ஊசிக்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். வாதநோய் மருத்துவரிடம் கேளுங்கள். கிளினிக்கில், "ஹயலூரானிடேஸ் கையிருப்பில் இருக்கா?" என்று கேளுங்கள். "அதெல்லாம் தேவைப்படாது மேடம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.