லினக்ஸ் கெர்னலில் எத்தனை மெர்ஜ்: எதை விட்டுவைக்கலாம், எதை அணைக்கலாம்?

இயங்குதளத்தின் கருவான லினக்ஸ் கெர்னலின் மூலநிரலில் 'மெர்ஜ்', அதாவது ஒட்டவைத்தல், என்ற சொல்லை க்ரெப் கட்டளையால் தேடிப் பாருங்கள், திரை ஓடிக்கொண்டே இருக்கும். கிட் மெர்ஜைச் சொல்லவில்லை, அது நிரல் எழுதுகிறவர்களின் சங்கதி. கெர்னல் ஓடும்போது தானே செய்யும் மெர்ஜ்களைச் சொல்கிறேன். நினைவகத் துண்டுகள், டிஸ்க் கோரிக்கைகள், நெட்வொர்க் பாக்கெட்டுகள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அது ஒட்டவைக்கிறது. பெயர் ஒன்று, குணம் வேறு வேறு. இவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும்போது நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ஒட்டவைப்பதில் எது தொலைகிறது?

முதலில் சாதுவான இரண்டு. நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் பட்டி அலோகேட்டர் செய்வது பாகப்பிரிவினை. பெரிய துண்டைச் சரிபாதியாக வெட்டிக்கொண்டே போய், தேவையான அளவு வந்ததும் நிறுத்தும். எக்ஸ்86 இயந்திரத்தில் மிகச்சிறிய துண்டு ஒரு பேஜ், அதாவது 4 கேபி. அதை விடுவித்தால் மறுபடி சேர்க்கப் பார்க்கும், ஆனால் தன்னோடு பிரிந்த பங்காளியோடு மட்டும். அடுத்த மனை காலியாகக் கிடந்தாலும் அது பங்காளி இல்லையென்றால் சேராது. பங்காளி யாரென்று தேடவும் வேண்டாம், பேஜ் எண்ணில் ஒரு பிட்டைத் திருப்பிப் போட்டால் விலாசம் கிடைத்துவிடும்.

வி.எம்.ஏ. என்பது ஓடும் நிரல் ஒன்றின் (புராசஸ்) முகவரிப் பரப்பில் ஒரு துண்டு; அதன் மெர்ஜ் இதற்கு நேரெதிர். ஒரு புராசஸின் முகவரிப் பரப்பில் பக்கத்தில் யார் இருந்தாலும் சேரத் தயார், ஆனால் பத்திரம் அத்தனையும் பொருந்த வேண்டும்: எழுத, படிக்க, இயக்க உள்ள அனுமதிகள், பின்னால் இருக்கும் ஃபைல், அந்த ஃபைலுக்குள் தொடர்ச்சியான இடம். சேர்க்காமல் விட்டால் துண்டுகள் பெருகும். ஒரு புராசஸுக்கு இயல்பான உச்சவரம்பு 65,530. புதுத் துண்டு கேட்கும் எம்மேப், அனுமதியை மாற்றும் எம்புரொடெக்ட் அழைப்புகளை இஷ்டத்துக்குப் போடும் மென்பொருள்கள் இந்த வரம்பில் போய் முட்டுவது உண்டு. இந்த மெர்ஜில் எட்டு வகைச் சூழல்கள் உண்டென்று கோடுகளால் படம் போட்டு விளக்கிய கமென்ட் ஒன்று இதன் மூலநிரல் ஃபைலில் வெகுகாலம் இருந்தது. அதைப் படித்துவிட்டுத் தலை சுற்றாதவர் இருந்தால் கும்பிடலாம். எப்படியோ, ஒன்றுபோல இருப்பவைதான் சேர்கின்றன. இரண்டிலும் எதுவும் தொலைவதில்லை. அணைக்க ஸ்விட்சும் இல்லை, யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை.

டிஸ்க் கோரிக்கைகளின் கதை சின்னது. டிஸ்க்கின் சிறு கட்டங்களான செக்டார்களில் 100-வதிலிருந்து எட்டு, 108-லிருந்து எட்டு என்று இரண்டு கோரிக்கைகள் வந்தால் ஒன்றாக்கி அனுப்பும். சுழலும் டிஸ்க்கில் இது வரப்பிரசாதம். வேகமான எஸ்.எஸ்.டி.யில், சிதறிச் சிதறிப் படிக்கும் வேலைக்கு, பொருந்தும் ஜோடியைத் தேடும் நேரமே வீண் என்று ஆகலாம். அதற்குத்தான் 'நோமெர்ஜஸ்' அமைப்பு: 0 என்றால் எல்லா முயற்சியும், 1 என்றால் சுலபமானது மட்டும், 2 என்றால் ஒன்றும் வேண்டாம். அளந்து பார்க்காமல் இதில் கை வைக்க வேண்டாம்.

நிஜமான போட்டி நெட்வொர்க்கில்தான். எல்.ஆர்.ஓ. (லார்ஜ் ரிசீவ் ஆஃப்லோட்), ஜி.ஆர்.ஓ. (ஜெனரிக் ரிசீவ் ஆஃப்லோட்) இரண்டும், வரும் பாக்கெட்டுகளை ஒட்டவைக்கும் ஒரே வேலைக்கு வந்தவை. 1,500 பைட் பாக்கெட்டுகள் வரிசையாக வரும்போது ஒவ்வொன்றையும், அவற்றை வரிசைப்படுத்தும் டி.சி.பி. அடுக்கு வரை தூக்கிச் செல்வது செலவு. நாற்பது சொச்சம் பாக்கெட்டுகளை ஏறக்குறைய 64 கேபி மூட்டையாகக் கட்டி ஒரே தடவையில் ஏற்றினால் சிபியு மூச்சு விடும். முதலில் வந்த எல்.ஆர்.ஓ. தாராள மனசுக்காரர். பாக்கெட்டின் முன்னால் உள்ள விவரப் பகுதியான தலைப்பில் (ஹெடர்) சின்னச் சின்ன வித்தியாசம் இருந்தாலும் கட்டிவிடுவார். மூட்டை அந்த இயந்திரத்திலேயே பிரிக்கப்பட்டால் பிரச்சினை இல்லை. ரௌட்டராகவோ பிரிட்ஜாகவோ இருந்தால்? வெளியே அனுப்பப் பழையபடி பிரித்தாக வேண்டும், ஆனால் எந்தப் பாக்கெட்டில் என்ன இருந்தது என்பது போய்விட்டது. அதனால்தான் வந்த பாக்கெட்டை வேறு இயந்திரத்துக்கு அனுப்பும் ஐ.பி. ஃபார்வர்டிங்கை இயக்கியதும் கெர்னலே எல்.ஆர்.ஓ.வை அணைத்துவிடும்.

2009-ல் 2.6.29 பதிப்போடு வந்த ஜி.ஆர்.ஓ. கறார் பேர்வழி. தலைப்புகள் ஒத்துப்போனால்தான் கட்டும், டி.சி.பி. நேரமுத்திரை உட்பட. ஆகவே திரும்பப் பிரித்தால் முன்பு இருந்ததே கிடைக்கும். ரௌட்டரிலும் பயமில்லாமல் ஓடும். குறிப்பிட்ட கார்டை நம்பியிருக்கத் தேவையில்லை என்பது உபரி லாபம். என் ஓட்டு ஜி.ஆர்.ஓ.வுக்கு, இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை.

அப்புறம் நிஜமாகவே யோசிக்க வேண்டிய இரண்டு: கே.எஸ்.எம்., ஸ்லாப் மெர்ஜ்.

கே.எஸ்.எம். (கெர்னல் சேம்பேஜ் மெர்ஜிங்) 2.6.32-ல் வந்தது. ஒரே இயந்திரத்துக்குள் பத்து விர்ச்சுவல் மெஷின்கள் (பாவனை இயந்திரங்கள்) ஒரே ஓ.எஸ். ஓட்டினால், ஒரே உள்ளடக்கம் கொண்ட பேஜ்கள் பத்துப் பத்தாகக் கிடக்கும். கே.எஸ்.எம்.டி. என்ற த்ரெட் தூங்கி எழுந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பேஜ்களை ஒப்பிட்டு, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விடுவிக்கும். யாராவது அதில் எழுதினால் அவருக்கு மட்டும் தனிப் பிரதி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தனிப் பிரதி எடுக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும், அந்த நேரத்தை அளக்கவும் முடியும். நான் ஒரு பேஜ் எழுதிவைத்துக் காத்திருந்து, பிறகு அதில் எழுதிப் பார்த்தால், பக்கத்து விர்ச்சுவல் மெஷினிலும் அதே பேஜ் இருக்கிறதா என்று ஊகித்துவிடலாம். 2016-ல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நினைவகத்தின் ஒரு வரிசையைத் திரும்பத் திரும்பத் தொட்டு அண்டை பிட்டுகளைப் புரட்டும் ரோஹாமர் தாக்குதலையும் இதையும் கோத்து, பக்கத்து மெஷினின் ஆர்.எஸ்.ஏ. மறையாக்கப் பொதுச் சாவியில் பிட்டைப் புரட்டிக் காட்டினார்கள். இங்கே தொலைவது 'இது யாருடைய பேஜ்' என்கிற எல்லை.

ஸ்லாப் மெர்ஜில் தொலைவது வகை. கெர்னல் தன் சிறு பொருள்களுக்கு வகைவாரியாக வைத்திருக்கும் சேமிப்புகள் கேஷ்கள்; ஒரே அளவும் ஒத்த தன்மையும் உள்ளவற்றை ஸ்லப் என்ற அலோகேட்டர் ஒன்றாக்கிவிடும். பாதி காலியான பேஜ்கள் குறையும், நல்லதுதான். ஒருமுறை ஒரு டிரைவர் நினைவகத்தைக் கசியவிடுகிறதா என்று கேஷ்களின் பட்டியலான ஸ்லாப்இன்ஃபோவில் அதன் கேஷைத் தேடி அரை நாள் போக்கினேன். பெயரே இல்லை. வேறு ஏதோ கேஷின் பெயரில் குடியிருந்தது. அதைவிடப் பெரிய தொல்லை: விடுவித்த பிறகும் பயன்படுத்தும் பிழை ஒன்று இருந்தால், அந்த இடத்தில் முற்றிலும் வேறு வகைப் பொருளை உட்காரவைக்கத் தாக்குபவருக்குச் சுலபமாகிறது.

வேடிக்கை என்னவென்றால், கே.எஸ்.எம். இயல்பில் அணைந்திருக்கிறது, ஸ்லாப் மெர்ஜ் இயல்பில் ஓடுகிறது. வாடகை சர்வரில் அந்நியர்களோடு இடம் பகிர்கிறவர்கள் கே.எஸ்.எம். பக்கமே போக வேண்டாம். வீட்டில் எல்லா மெஷினும் உங்களுடையது, ராம் பற்றவில்லை என்றால் தாராளமாக இயக்கலாம். ஸ்லாப் மெர்ஜை, நினைவகம் மிகக் குறைந்த சின்னக் கருவிகள் தவிர மற்ற எல்லாவற்றிலும் அணைப்பேன். கெர்னல் தொடங்கும்போது கொடுக்கும் பூட் வரியில் 'ஸ்லாப்_நோமெர்ஜ்' என்று ஒரு சொல் போதும். ஸ்லாப்இன்ஃபோவில் பெயர்களும் திரும்பி வந்துவிடும்.