டெல்லிப் பேருந்து: சிஎன்ஜியா, மின்சாரமா?

1998-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட, 2002 இறுதியில் டெல்லியின் பொதுப் பேருந்துகள் டீசலை விட்டு சிஎன்ஜிக்கு, அதாவது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயுவுக்கு, மாறி முடித்தன. சிக்னலில் வண்டி கிளம்பும்போது பின்னால் நிற்பவர் முகத்தில் அடிக்கும் கரும்புகை குறைந்தது. அது சின்ன விஷயமில்லை. ஆனாலும் சிஎன்ஜி வண்டியிலிருந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் என்னும் நச்சு வாயுக்கள் வெளியேறுகின்றன, எரியாத மீத்தேனும் கொஞ்சம் கசிகிறது.

மின்சாரப் பேருந்துக்குப் புகைக்குழாயே கிடையாது. பிரேக் பிடித்தால் மோட்டாரே மின்சாரம் தயாரித்து பேட்டரிக்கு அனுப்பும்; நின்று நின்று போகும் நகரச் சாலைக்குத் தோதான ஏற்பாடு. விலைதான் அதிகம், பணிமனையில் சார்ஜ் ஏற்ற இடமும் வேண்டும். நிலக்கரி மின்சாரம்தானே என்பார்கள். சரி, ஆனால் அந்தப் புகை நிறுத்தத்தில் நிற்பவர் மூக்கிலேயே ஏறுவதில்லை. டயர் தேயும் தூசு இரண்டிலும் உண்டு. புதிதாக வாங்குவதென்றால் என் ஓட்டு மின்சாரத்துக்கே.