அயர்லாந்து மூதாதையரைத் தேடித் தருவதாகச் சொல்லி 640 பவுண்டை விழுங்கிவிட்டார்கள்

நேற்று இரவு கடைசி மின்னஞ்சலும் வந்துவிட்டது. பணம் திரும்பக் கிடையாதாம், விவகாரம் முடிந்ததாம். ஆறு வாரம் அலைந்ததற்கு இரண்டே வரி. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். குடும்ப வரலாறு தேடித் தரும் இணையச் சேவைக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

என் கணவர் லிவர்பூல்காரர். அவர் அம்மாவுக்கு 81 வயது. நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், அவருக்கும் அது பிடித்துப்போயிற்று. அத்தையின் கொள்ளுத்தாத்தா அயர்லாந்துப் பஞ்சத்தில் கப்பலேறி வந்தவர். 1847ல் மட்டும் சுமார் மூன்று லட்சம் பேர் லிவர்பூலில் வந்து இறங்கினார்கள். அந்தக் கூட்டத்தில் இவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதுதான் அத்தைக்குத் தெரிய வேண்டும். ஒருமுறையாவது அந்த மண்ணை மிதிக்க வேண்டும் என்பார். ஆனால் இங்கிலாந்து சென்சஸில் 1851, 1861, 1871 எதைப் புரட்டினாலும் பிறந்த இடம் என்ற கட்டத்தில் வெறும் 'அயர்லாந்து'. ஊரும் இல்லை, கவுண்டியும் (நம் மாவட்டம் மாதிரி) இல்லை.

அப்போதுதான் அந்தச் சேவை கண்ணில் பட்டது. பேசியவர் அவ்வளவு பதமாகப் பேசினார். அத்தையின் உடம்பு எப்படி என்று கேட்டார். தன் பாட்டியும் அயர்லாந்துதான் என்றார். "கவலைப்படாதீர்கள், உங்கள் மாமியாரை அவர் ஊர் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறேன்" என்றார். அந்த ஒரு சொல்லில் விழுந்துவிட்டேன். கார்டு வேண்டாம், வங்கிக் கணக்கில் நேரடியாகப் போட்டால் தள்ளுபடி என்றார். போட்டேன். 640 பவுண்டு.

ஒரு மாதத்தில் தடித்த அட்டை போட்ட அறிக்கை வந்தது. கொள்ளுத்தாத்தாவின் தந்தை மேயோ கவுண்டி விவசாயி மைக்கேல் என்றது. ஆதாரம், அயர்லாந்தின் 1861 சென்சஸ். அத்தை அழுதேவிட்டார்.

அதை எங்கள் ஊர் நூலகத்தில் உதவிக்கு இருக்கும் ஒரு அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் அந்த வரியில் விரலை வைத்தார், எடுக்கவில்லை. "அப்படி ஒரு ஏடே இல்லையே அம்மா" என்றார். அயர்லாந்தின் 1861, 1871 சென்சஸ் தாள்களை அரசாங்கமே அழித்துவிட்டது. அதற்கு முந்தையவற்றில் பெரும்பகுதி 1922ல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது போயிற்று. அந்த நூற்றாண்டில் முழுசாக மிஞ்சியது எதுவுமில்லை. முழுசாக இருப்பவற்றில் மிகப் பழையவை 1901, 1911 இரண்டும்தான், அவற்றையும் இலவசமாகவே பார்க்கலாம்.

அப்புறம் கொள்ளுத்தாத்தாவின் 1859 திருமணச் சான்றிதழை நானே பன்னிரண்டரை பவுண்டுக்கு வரவழைத்தேன். வயது என்ற இடத்தில் 'முழு வயது' என்று மட்டும், அதாவது 21 நிறைந்தவர். மணமகன், மணமகள் இருவருக்கும் கையெழுத்துக்குப் பதில் X குறி. மணமகனின் தந்தை பெயர் ஜான், கூலித்தொழிலாளி. மைக்கேல் இல்லை! அவர்கள் சான்றிதழை வாங்கவே இல்லை. திருமணப் பதிவுகளின் பெயர்ப் பட்டியலில் அதே பெயரில் யாரோ ஒருவரைப் பிடித்து ஒட்டியிருக்கிறார்கள். பட்டியலில் தந்தை பெயர் இருக்காது. 1912க்கு முன் மனைவியின் குடும்பப் பெயர்கூட இருக்காது.

கேட்டேன். ஆய்வாளர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். அடுத்த வாரம், வேறு பிரிவுக்கு எழுதுங்கள் என்றார்கள். அதற்கடுத்து, அறிக்கை என்பது 'கருத்து' மட்டுமே, விதிமுறையில் இருக்கிறது என்றார்கள். பதமாகப் பேசியவர் போனையே எடுக்கவில்லை. இல்லாத ஏட்டைக் காட்டி 640 பவுண்டு வாங்குவது கருத்தா?

விரிவாக யோசனை சொல்லத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. கிரெடிட் கார்டில் கட்டுங்கள், 100 பவுண்டுக்கு மேல் போனால் கார்டு நிறுவனத்திடமே பணத்தைத் திரும்பக் கேட்கலாம். திருமணச் சான்றிதழை முதலில் நீங்களே வாங்குங்கள். கத்தோலிக்கத் தேவாலயப் பதிவேட்டையும் பாருங்கள், அந்தக் கால அரசுத் திருமணச் சான்றிதழில் வராத தாயின் பெயர் அதில் இருக்கக்கூடும். 1901க்கு முந்தைய அயர்லாந்து சென்சஸ் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கத்தின் படத்தைக் கேளுங்கள்.

அத்தை மேயோ வரைபடத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போகிறோம். இன்னும் அவரிடம் சொல்லவில்லை.