உப்புத் தண்ணீர் ஊரில் மிருதுவான முடி: வருடக்கணக்கில் செய்து பார்த்ததில் எது நின்றது

பிறந்து வளர்ந்தது ஈரோட்டுப் பக்கம், இப்போது குடியிருப்பது சென்னை ஓஎம்ஆரில். இடுப்பு வரை முடி, லேசான சுருட்டை, டை அடிப்பதில்லை. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடியின் வகையும் வீட்டுத் தண்ணீரும் மாறினால் பலனும் மாறும். எங்கள் அப்பார்ட்மெண்ட் போர் தண்ணீரில் வாளி விளிம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படிந்து கிடக்கும், அதே தண்ணீர்தான் தலைக்கும்.

உங்கள் முடி எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள பார்லர் போக வேண்டாம். உதிர்ந்த ஒற்றை முடியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, வேர்ப் பக்கத்திலிருந்து நுனிக்கு உருவுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். இப்போது நுனியிலிருந்து வேருக்கு உருவுங்கள், விரலில் லேசாகச் சொரசொரக்கும். முடியின் மேல்தோலான கியூட்டிகிள், ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிய செதில்களாக நுனியைப் பார்த்துப் படிந்திருப்பதுதான் காரணம். செதில்கள் படிந்திருந்தால் வெளிச்சம் சீராகத் திரும்பும், முடி பளபளக்கும். அவை தூக்கிக்கொண்டாலோ உடைந்தாலோ ஒரு முடி இன்னொன்றில் மாட்டிச் சிக்கு விழும். எனக்குக் காதோரம் எப்போதும் வழவழப்புதான், கடைசி ஒரு சாண் மட்டும் எந்தப் பக்கம் உருவினாலும் சொரசொரக்கும்.

அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளர்கிறது, அப்படியென்றால் 60 சென்டிமீட்டர் நீள முடியின் நுனிக்கு வயது சுமார் 5 வருடம். அத்தனை வருட வெயில், சீப்பு, துண்டு எல்லாம் அந்த நுனியில்தான் இருக்கிறது. உடைந்த செதில் மறுபடி முளைக்காது. ஒரே வாஷில் ரிப்பேர் என்று எந்த பாட்டில் சொன்னாலும் நம்பாதீர்கள். நம்மால் முடிந்தது இரண்டே வேலை: இருப்பதைத் தேயவிடாமல் பார்த்துக்கொள்வது, தேய்ந்த இடத்தில் ஒரு பூச்சு கொடுப்பது.

தேயவிடாமல் காப்பதில் எனக்கு நம்பர் ஒன் தேங்காய் எண்ணெய், அதுவும் தலைக்குக் குளிக்கும் முன்பு. குளித்த பிறகு தடவினால் பிசுபிசுப்பும் தூசியும்தான் மிச்சம். முதல் நாள் இரவோ, அவசரமென்றால் ஒரு மணி நேரம் முன்போ, இரண்டு ஸ்பூன் எண்ணெயை நீளத்துக்கும் நுனிக்கும் தடவிப் பின்னிவிடுவேன். முடி தண்ணீரில் ஊறி உப்பி, காய்ந்து சுருங்கி, மறுபடி உப்பும்போதுதான் செதில்கள் தளர்கின்றன. தேங்காய் எண்ணெயில் இருக்கும் லாரிக் அமிலம் முடிக்குள்ளே இறங்கி அந்த உப்பலைக் குறைக்கிறது. தேங்காய், சூரியகாந்தி, மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2003-ல் வந்த ஆய்வில், முடியின் புரத இழப்பை நன்றாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். ஆய்வைச் செய்தது தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிக்கோவின் ஆய்வகம், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் எண்ணெய் வைத்த வாரத்துக்கும் வைக்காத வாரத்துக்கும் என் சீப்பில் வரும் உடைந்த துண்டு முடியைப் பார்த்தாலே எனக்கு வித்தியாசம் தெரிகிறது.

அலசுவதற்கு ஊரில் அரப்புதான். ஊஞ்ச இலையைக் காயவைத்துப் பொடித்து, வடிகஞ்சியில் கரைத்துத் தேய்த்தால் எண்ணெய் போகும், முடி வறண்டுபோகாது. சோப்பு மாதிரி உப்புத் தண்ணீரோடு சேர்ந்து பிசுக்காகப் படிவதும் இல்லை. ஆனால் துணியில் சலிக்காத பொடி மணல் மாதிரி முடியில் உரசும், அதை அலசி எடுக்கத் தண்ணீர் தாராளமாக வேண்டும். அதனால் ஊருக்குப் போகும்போது அரப்பு, சென்னையில் மைல்டான ஷாம்பு, அதுவும் மண்டையில் மட்டும். நுரை வழிந்து இறங்குவதே நீளத்துக்குப் போதும். குளியல் சோப்பைத் தலையில் போடவே போடாதீர்கள், அதன் காரத்தன்மை செதில்களைத் தூக்கிவிடும்.

அப்புறம் கண்டிஷனர். இயற்கை முறையை விரும்புகிறவர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, தொட்டவுடன் தெரியும் மிருதுத்தன்மைக்கு இதற்கு ஈடாக நான் எதையும் பார்க்கவில்லை. விலையைப் பார்க்காதீர்கள், லேபிளைப் பாருங்கள். பெஹென்ட்ரிமோனியம் குளோரைடு அல்லது செட்ரிமோனியம் குளோரைடு பட்டியலில் முன்னால் இருந்தால் போதும். இவை நேர் மின்னூட்டம் கொண்டவை, தேய்ந்த முடி எதிர் மின்னூட்டம் கொண்டது, ஆகவே எங்கே சேதமோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரைப் பிழிந்துவிட்டு, காதுக்குக் கீழே தடவி, பல் அகலமான சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுத்து, பிறகு அலசுவேன். கடைசி இரண்டு சொம்பு மட்டும் மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியம் தரும் தண்ணீர். ஷவரில் மாட்டும் சின்ன ஃபில்டர் குளோரினைக் குறைக்கலாம், உப்பை எடுக்காது.

முடி கனத்துப்போய் மங்கலாகத் தெரிந்தால் ஒரு மக் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகர் கலந்து ஊற்றி அலசிவிடுவேன். லேசான புளிப்பில் செதில்கள் நன்றாகப் படியும், பளபளப்பு அன்றைக்கே தெரியும். அதற்காக எலுமிச்சையை நேராகப் பிழிந்து தேய்க்க வேண்டாம். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் செதில் மூடிக்கொள்ளும் என்பதற்கு என் முடியில் அடையாளமே இல்லை. வெந்தயம், செம்பருத்தி இலையின் வழவழப்பு அடுத்த குளியல் வரை நன்றாகவே இருக்கும், நேரம் இருந்தால் அரைத்துப் போடலாம். முட்டை வேண்டாம், அதன் புரதம் முடிக்குள் போகும் அளவுக்குச் சின்னது இல்லை, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் பட்டால் தலையிலேயே திரியும்.

ஈரத் தலையைத் துண்டால் தட்டித் தட்டி உலர்த்தும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. தயவுசெய்து அதை விடுங்கள், முடி ஈரமாக இருக்கும்போதுதான் மிகவும் பலவீனமாக இருக்கும். ஈரிழைத் துண்டில் சுற்றி, அழுத்தி ஒற்றி, பாதி காய்ந்ததும் இரண்டு சொட்டு சீரம். இந்த ஒன்றை மாற்றியதிலேயே நெற்றியோரம் குச்சி குச்சியாக நிற்கும் முடி வெகுவாக அடங்கியது.

பார்லரில் மருந்து தடவிச் சூடு காட்டி முடியை நேராக்கும் கெரட்டின், ஸ்மூத்தனிங் பக்கம் நான் போகவில்லை, போகப்போவதும் இல்லை. சிலவற்றில் சூடு பட்டால் ஃபார்மால்டிஹைடு வெளியாகும். அதற்கு மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமிலம் கலந்தவற்றைப் போட்ட பிறகு சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களிலேயே வந்திருக்கிறது. செய்தே ஆக வேண்டும் என்பவர்கள் டப்பாவை வாங்கி, என்ன கலந்திருக்கிறது என்று படித்துவிட்டுத் தலையைக் கொடுங்கள்.

பொடுகு இருப்பவர்கள் எண்ணெயை மண்டையில் ஊறவிடாதீர்கள், பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்தான் தீனி. காதுக்குக் கீழே மட்டும் தடவினாலே முடிக்கு வேண்டியது கிடைத்துவிடும்.